அனுமதி கேட்ட குற்றம்

நான் மரியாதை தெரிந்த மனிதன். எங்கள் ஊர் மைதானம் கையைவிட்டுப் போகப் பார்த்ததற்கு அது ஒன்றுதான் காரணம் என்று மாவட்டக் கவுன்சிலின் வக்கீல் நூற்று இருபது பேர் முன்னால் நிரூபித்துக் காட்டினார். அந்த நூற்று இருபது பேரும் எனக்குத் தெரிந்தவர்கள். பாதிப் பேருக்கு நான் பூந்தொட்டி தூக்கிக் கொடுத்திருக்கிறேன்.

பெயர் நார்மன் பில்பீம். நெதர் வால்டிங்கில் முப்பத்தோரு வருஷம் தபால் போட்டவன். எந்த வீட்டு நாய் முன்னால் வந்து கடிக்கும், எது பின்னால் வந்து கடிக்கும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். இதுபோக, ஊர்க் கோடை விழாவுக்கு நான்தான் செயலாளர். என்னை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. முன்பு இருந்தவர் டெவனுக்குக் குடிபெயர்ந்த அன்று கொட்டகைச் சாவியையும் ஒரு கோப்பையும் என் கையில் திணித்துவிட்டு வண்டியில் ஏறிவிட்டார். அவ்வளவுதான் தேர்தல்.

கோப்பு வந்ததும் எனக்குப் பொறுப்பு வந்துவிட்டது. மைதானம் கவுன்சிலுடைய நிலம். அதில் போய் நாம் பாட்டுக்குக் கூடாரம் அடிப்பதா? ஒவ்வொரு மே மாதமும் நல்ல தாளில் எழுதினேன். ‘நெதர் வால்டிங் குடிமக்கள் அனைவரின் சார்பிலும் பணிவுடன் கேட்டுக்கொள்வது. இந்த ஆண்டும் நாங்கள் மைதானத்தைப் பயன்படுத்திக்கொள்ளத் தயைகூர்ந்து அனுமதிக்க இயலுமா? தங்களுக்குச் சிரமமென்றால் பரவாயில்லை.’ இரண்டு வாரத்தில் பதில் வந்துவிடும். ‘மகிழ்ச்சியுடன் அனுமதிக்கிறோம்.’ அதற்கு நன்றி சொல்லி இன்னொரு கடிதம் போடுவேன். இருபத்திரண்டு வருஷம் இப்படி நடந்தது. யாரும் எழுதச் சொல்லவில்லை. யாரிடமும் நான் சொல்லிக்கொண்டதும் இல்லை. நல்லது செய்துவிட்டுத் தம்பட்டம் அடிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

மூன்று வருஷத்துக்கு முன் என் மனைவி பெரிலுக்குப் பக்கவாதம் வந்தது. உயிர் பிழைத்தாள், இடது கால்தான் பேச்சுக் கேட்க மறுத்தது. தினமும் சமதளத்தில் நடந்தே ஆகவேண்டும், விட்டால் கால் மடங்கிப் போகும், அப்புறம் சக்கர நாற்காலிதான் என்று மருத்துவமனையில் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்கள். எங்கள் ஊரில் சமதளத்துக்கு எங்கே போவது? சாலையில் நடைபாதை கிடையாது, டிராக்டர் வந்தால் முட்புதருக்குள்தான் ஒதுங்கவேண்டும். வயல் வழியாகப் போனால் நூறு அடிக்கு ஒரு மரப்படி, வேலி தாண்ட. நல்ல கால் இருக்கிறவனே அதில் தடுமாறுவான். மிச்சம் மைதானம் ஒன்றுதான். பலகை மாதிரி மட்டமான புல்தரை, நாலு மூலைக்கும் நாலு பெஞ்சு. வலது கையில் கோல், இடது பக்கம் நான். முதல் மாதம் ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலைக்குப் போக அரைமணி நேரம் ஆனது. இப்போது காலை எட்டு மணிக்கு ஆரம்பித்து நாலு சுற்று நடக்கிறாள். அந்த நாலாவது சுற்றின் முடிவில் அவள் முகத்தைப் பார்க்கவேண்டும், எனக்கு அன்றைக்கு வேறு எதுவும் வேண்டியிருக்காது.

இந்த இடத்தில்தான் அறுபத்து நாலு வீடு கட்டப் போவதாகக் கவுன்சில் அறிவிப்பு ஒட்டியது. சட்டப்படி பொதுமக்கள் பார்வைக்கு ஒட்டவேண்டும், ஒட்டினார்கள். விளக்குக் கம்பத்தில், முட்புதரைப் பார்த்தபடி. அதைப் படித்த ஒரே ஆள் சிரில் மட்ஜ்.

சிரில் மட்ஜைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பிறந்ததிலிருந்து ‘தயவுசெய்து’ என்ற சொல்லை அவன் வாயில் ஊரில் யாரும் கேட்டதில்லை. கன்றுக்குட்டி அளவுக்கு ஒரு நாய் வைத்திருக்கிறான், அதற்குப் பெயர் பிஷப். மைதானத்தில் நாயைக் கட்டிக் கூட்டி வரவேண்டும் என்ற பலகைக்கு நேர் கீழே நின்றுதான் அதை அவிழ்த்து விடுவான். கோல்ஃப் பந்து அடிக்கக் கூடாது என்ற பலகையைக் குறிபார்த்துத்தான் கோல்ஃப் பந்து அடிப்பான். அவனைப் பற்றிக் கவுன்சிலுக்குப் புகார் எழுதுவது எங்கள் ஊரில் தோட்டவேலைக்கு அடுத்த பொழுதுபோக்கு. நானே அறுபது எழுதியிருக்கிறேன். அன்றைக்கு பிஷப் புதருக்குள் புகுந்துவிட, அதை இழுக்கப் போனவன் கண்ணில் அறிவிப்பு பட்டிருக்கிறது.

“யோவ் நார்மன்!” என்று என் வாசலில் வந்து கத்தினான். “உன் பொண்டாட்டி நடக்கிற இடத்துல எவனோ குளியலறை கட்டப் போறான்யா! நீ என்னடான்னா ரோஜாவுக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு நிக்கிற!”

பூவாளியைக் கீழே வைத்தேன். தகவலுக்கு நன்றி சிரில் என்றுதான் சொன்னேன்.

கவுன்சில் எங்களோடு கலந்து பேசாமல் எதையும் செய்யாது. ‘உங்கள் குரலைக் கேட்கும் நாள்’ என்று ஒன்று வைத்தார்கள். பன்னிரண்டு மைல் தள்ளியிருந்த நகரத்தில், புதன்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு. எங்கள் ஊரிலிருந்து அங்கே பஸ் செவ்வாயும் வியாழனும் மட்டும். ஹிலரி கிரட்டண்டனின் காரில் அடித்துப் பிடித்து நாலு பேர் போனோம். ஹிலரி ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. அவர் அறைக்குள் நுழைந்தால் கதவுகூடச் சத்தம் போடாமல் சாத்திக்கொள்ளும்.

எங்களை வரவேற்றவர் கேவின் ஸ்டர்மி. மக்கள் உறவு மேலாளர் என்று சட்டையில் அட்டை குத்தியிருந்தது. மேசைமேல் படிவங்கள். முதல் கேள்வி: புதிய வீடுகளின் கதவு எந்த நிறத்தில் இருக்கலாம்? இரண்டாவது: தெருவுக்கு மரத்தின் பெயரா, பறவையின் பெயரா? மூன்றாவது: முள்ளெலி போய்வர வேலியில் துவாரம் வேண்டுமா, வேண்டாமா?

“வீடே வேண்டாம்னு எழுதணும். அதுக்கு எங்க இடம்?” என்றார் ஹிலரி.

“அதுக்கு ‘இதர’ன்னு ஒரு கட்டம் இருக்குங்க மேடம். பின்பக்கம், அடியில.”

அந்தக் கட்டத்தில் ஒரு சொல் எழுதலாம், அதுவும் சின்னச் சொல்லாக இருந்தால். கேவின் எழுந்து நின்று எங்கள் நாலு பேருக்கும் ஒலிபெருக்கியில் பேசினார்.

“நாங்க மக்கள் சொல்றதைக் காது குடுத்துக் கேக்கிற கவுன்சில். நீங்க சொன்னதை முழுசாக் கேட்டுக்கிட்டோம்னு அறிக்கையிலயே எழுதியிருக்கோம். அறிக்கை போன வாரமே அச்சுக்குப் போயிடுச்சு. அதனால நீங்க இன்னைக்கு எந்தத் தயக்கமும் இல்லாம மனசு விட்டுப் பேசலாம். எதுவும் மாறப் போறதில்ல.”

கை தட்டலாமா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. லேசாகத் தட்டினேன். ஹிலரி என்னைத் திரும்பிப் பார்த்தார், நிறுத்திக்கொண்டேன்.

மைதானத்தை எதற்காக விற்கிறீர்கள் என்று கேட்டோம். பயன்பாடு குறைவு என்று ஆய்வில் தெரியவந்திருக்கிறதாம். ஆய்வைக் காட்டினார். ஜனவரி மாதம், செவ்வாய்க்கிழமை, காலை எட்டே கால், மழை. இருபது நிமிடம் கணக்கெடுத்திருக்கிறார்கள். பொழுதுபோக்கில் ஈடுபட்டவர்கள்: எவருமில்லை. நாய்: ஒன்று, துணையின்றி. கடந்து சென்றவர்கள்: இருவர். வேகம்: மிகக் குறைவு.

அந்த இருவர் நானும் பெரிலும். கணக்கெடுத்த அந்த மனிதரை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மழையில் நனைந்துகொண்டு நிற்கிறாரே என்று என் குடையை நீட்டினேன்.

“நாங்க கடந்து போகலைங்க, அங்கேயே நடந்துக்கிட்டு இருந்தோம்,” என்றேன்.

கேவின் பரிவோடு தலையாட்டினார். “ஓர் இடத்துல ஆரம்பிச்சு இன்னோர் இடத்துல முடிஞ்சா அது போக்குவரத்து, மிஸ்டர் பில்பீம். பொழுதுபோக்குன்னா பந்து இருக்கணும்.”

“நாங்க ஆரம்பிச்ச இடத்துலயேதான் முடிச்சோம்.”

“அப்படியா?” படிவத்தை மேலும் கீழும் பார்த்தார். “அதுக்கு இதுல கட்டம் இல்லைங்களே.”

வீட்டுக்கு வந்து பெரிலிடம் சொன்னேன். “ரெண்டு தடவை அந்த ஆள் முன்னாடி போனோமே, எங்கதான் போய்ச் சேர்ந்தோம்னு நெனச்சாராம்?” என்று கேட்டாள்.

நாங்கள் சும்மா இருக்கவில்லை. பாதுகாப்புக் குழு அமைத்தோம், ஹிலரி தலைவர், வழக்கம்போல நான் செயலாளர். பதாகையில் என்ன எழுதுவது என்று மூன்று கூட்டம் நடந்தது. ‘மைதானத்தைக் காப்போம்!’ என்று முதலில் சொன்னார்கள். ஆச்சரியக்குறி கத்துவது போல இருக்கிறது என்று எடுத்துவிட்டோம். காப்போம் என்றால் யாரோ திருடுகிறார்கள் என்று அர்த்தம் வருகிறதே, கவுன்சில் மனசு புண்படாதா என்று ஒருவர் கேட்டார். மூன்றாவது கூட்டத்தில், நாலாவது கேக் தீர்ந்த பிறகு, ஒருமனதாக முடிவானது: ‘முடியுமானால், எங்கள் மைதானத்தைத் தயவுசெய்து விட்டுவைக்கவும். நன்றி.’ அதை மைதான வேலியில் கட்ட அனுமதி கேட்டு நான் எழுதினேன். மகிழ்ச்சியுடன் அனுமதித்தார்கள். ஒரே ஒரு நிபந்தனை, எழுத்து சாலைப் பக்கம் தெரியக் கூடாது.

சிரில் எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை. பழைய படுக்கை விரிப்பில் தார் பூசும் தூரிகையால் ‘கையை எடுங்கடா’ என்று எழுதி, சாலையைப் பார்த்துக் கட்டிவிட்டுப் போனான். அதைக் கண்டித்துக் குழுவின் சார்பில் கவுன்சிலுக்கு நான் ஒரு கடிதம் எழுதினேன். என் அறுபத்தோராவது புகார்.

அப்புறம்தான் ஹிலரிக்கு யாரோ சொல்லி அந்தச் சட்டம் கிடைத்தது. ஊர்க்காரர்கள் ஒரு நிலத்தை இருபது வருஷம் தொடர்ந்து பொழுதுபோக்குக்குப் பயன்படுத்தியிருந்தால் அது ஊர்ப் பசுந்தரை. பதிவு செய்துவிட்டால் உலகம் உள்ளளவும் அதில் ஒரு செங்கல்லை வைக்க முடியாது. மூன்றே நிபந்தனைகள்தான். பலவந்தமாக நுழைந்திருக்கக் கூடாது, ஒளிந்து மறைந்து வந்திருக்கக் கூடாது, அப்புறம் இன்னொன்று. அந்த இன்னொன்றை ஹிலரி படித்தபோது நான் தேநீர்க் கெண்டியை நிரப்பப் போயிருந்தேன்.

விண்ணப்பத்தை யாரிடம் கொடுக்க வேண்டும்? கவுன்சிலிடம். அதை எதிர்ப்பது யார்? கவுன்சில். பெற்றுக்கொண்டோம் என்ற ரசீதும், கடுமையாக எதிர்க்கிறோம் என்ற ஆட்சேபமும் ஒரே உறையில் வந்தன, இரண்டிலும் கேவின் ஸ்டர்மியின் கையெழுத்து. ஆனால் தீர்ப்பும் தாங்களே சொன்னால் நன்றாக இருக்காது என்று கூச்சப்பட்டு, வெளியூரிலிருந்து ஒரு விசாரணை அதிகாரியைப் போட்டார்கள். மிஸ் கார்ஸ்டேர்ஸ். ஒல்லியான பெண்மணி, சிரிப்பதற்கும் முன் அனுமதி வாங்கவேண்டும் என்பது போன்ற முகம்.

ஊர் மண்டபத்தில் விசாரணை. முதல் சாட்சி நான். நல்ல கோட்டு போட்டுக்கொண்டு, கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனேன். இருபத்திரண்டு வருஷம் நாங்கள் மைதானத்தைப் பயன்படுத்தியதற்கு எழுத்துப்பூர்வமான ஆதாரம்! முந்தின நாள் முழுக்க உட்கார்ந்து கடிதங்களைத் தேதிவாரியாக அடுக்கியிருந்தேன்.

கவுன்சிலின் வக்கீல் பெல்லாமி கோப்பை வாங்கிப் புரட்டினார். அவர் கண்ணில் நீர் வந்துவிடும் போல இருந்தது.

“எவ்வளவு அழகான கையெழுத்து, மிஸ்டர் பில்பீம்! இந்தக் காலத்துல யாருங்க இப்படி எழுதறாங்க?”

“நன்றிங்க.”

“ஒவ்வொரு வருஷமும் கேட்டிருக்கீங்க.”

“ஒரு வருஷம்கூட விட்டதில்லைங்க.”

“குடிமக்கள் அனைவரின் சார்பிலும்.”

“யாரையும் விட்டுடக் கூடாது பாருங்க.”

“அவங்களும் அனுமதி குடுத்திருக்காங்க.”

“மகிழ்ச்சியோட குடுத்தாங்க,” என்றேன், அவர்களையும் விட்டுக்கொடுக்காமல்.

பெல்லாமி கோப்பை மூடிவிட்டு மிஸ் கார்ஸ்டேர்ஸ் பக்கம் திரும்பினார். “அம்மா, மூணாவது நிபந்தனை அனுமதி கேட்காமப் பயன்படுத்தியிருக்கணும்ங்கறது. கேட்டு வாங்கினது சலுகை, உரிமை ஆகாது. இவங்க வருஷா வருஷம் கேட்டிருக்காங்க. ஊர் மொத்தமும் கேட்டிருக்கு. என் வாதம் முடிஞ்சது. சீக்கிரம் கிளம்பினா நாலு மணி ரயிலைப் பிடிச்சிடலாம்.”

ஹிலரி கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. நான் பேந்தப் பேந்த விழித்தேன். இருபது வருஷம் மரியாதையில்லாமல் உள்ளே புகுந்திருந்தால் நிலம் எங்களுடையது. ஒரு வார்த்தை கேட்டதால் அவர்களுடையது. இதைச் சட்டம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அன்று சாயங்காலம் ஊரில் யாரும் என்னிடம் கோபமாகப் பேசவில்லை. ‘பரவாயில்ல நார்மன், உங்க மேல தப்பில்ல’ என்று மட்டும் சொல்லிவிட்டு, சாலையின் எதிர்ப்பக்கத்துக்குப் போய்விட்டார்கள். எங்கள் ஊரில் கொலைகாரனுக்குக்கூட இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

பெரில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். அவள் காலை நானே முறித்த மாதிரி எனக்கு இருந்தது. வாய்விட்டு மன்னிப்புக் கேட்கக்கூடத் தைரியம் வரவில்லை.

மறுநாள் மற்ற சாட்சிகள். குழாய்வேலை செய்யும் டெரெக் எழுந்து, சின்ன வயசிலிருந்து தினமும் பந்து விளையாடினேன், யாரையும் கேட்டதில்லை என்று பெருமையாகச் சொன்னான். கதவு பூட்டியிருந்தால் என்ன செய்வாய் என்று பெல்லாமி கேட்டார். கீலைக் கழற்றுவேன் என்றான். அது பலவந்தம் என்று அவன் சாட்சியத்தை அடித்துவிட்டார்கள். எண்பத்து மூன்று வயது வின்னி எழுந்து, காலமான தன் கணவரை மைதானக் கொட்டகைக்குப் பின்னால்தான் அறுபது வருஷத்துக்கு முன் முதலில் முத்தமிட்டதாகவும், அந்த நினைவுக்காக இன்றும் வாரா வாரம் அங்கே போய் நிற்பதாகவும் சொன்னாள்.

“நீங்க அங்க போறது யாருக்காவது தெரியுமா?” என்றார் பெல்லாமி.

“ஐயையோ! யார் கண்ணுலயும் படாமத்தான் போவேன்.”

“ஒளிஞ்சு மறைஞ்சு,” என்று பெல்லாமி எழுதிக்கொண்டார். அதையும் அடித்துவிட்டார்கள்.

அடுத்தவன் சிரில் மட்ஜ். பிஷப்பையும் கூட்டி வந்திருந்தான். அனுமதி கேட்டீர்களா என்றார் பெல்லாமி.

“எவன்கிட்ட?”

“கவுன்சில்கிட்ட.”

“அவனுங்க என்கிட்ட கேட்டானுங்களா?”

இருபது வருஷமாக சிரில் அங்கே வந்ததற்கு ஆதாரம் உண்டா என்று கேட்டதற்கு, கவுன்சில் கோப்பிலேயே நானூற்றுப் பதினேழு புகார்க் கடிதங்கள் இருப்பதாகத் தெரிந்தது. ஒவ்வொன்றிலும் தேதி, நேரம், நாய் என்ன செய்தது என்பது வரை இருந்தது. மிஸ் கார்ஸ்டேர்ஸ் மேசை கொள்ளாமல் அவற்றை அடுக்கிப் பார்த்தார். எங்கள் ஊரிலேயே ஒருத்தன்தான் சட்டப்படி நடந்திருக்கிறான், அவன் சிரில். ஆனால் ஒருத்தன் ஊர் ஆகமாட்டான் என்று பெல்லாமி சொல்லிவிட்டார்.

கவுன்சில் தலைவர் ரோலண்ட் ஹக்ஸ்டெப்பும் சாட்சி சொன்னார். கழுத்தில் பதவிச் சங்கிலி போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

“நெதர் வால்டிங் மக்கள் மேல எனக்குத் தனிப் பாசம். ஒரு தடவை இந்த வழியாப் போயிருக்கேன். இந்த மைதானத்தோட நினைவை நாங்க அழிய விடமாட்டோம். புதுக் குடியிருப்புக்கு ‘மைதானத் தோட்டம்’னே பேரு வச்சிருக்கோம். இங்க ஒரு மைதானம் இருந்துச்சுன்னு வாசல்ல வெண்கலத் தகடும் பதிக்கப் போறோம். மைதானம் அப்படியே இருந்தா யாராவது அதுக்குத் தகடு வைப்பாங்களா? நீங்களே சொல்லுங்க.”

கடைசி சாட்சி பெரில். கோலை ஊன்றி, மேடைக்கு வர அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நான் எழுந்து கை கொடுக்கப் போனேன். உட்கார் என்று கண்ணாலேயே சொன்னாள்.

“தினமும் நடக்கறீங்க,” என்றார் பெல்லாமி. “ரொம்பச் சந்தோஷம். உங்க கணவர் எல்லாரோட சார்பிலயும் அனுமதி வாங்கியிருக்கார், இல்லையா? உங்களுக்கும் சேர்த்துத்தான்.”

“எனக்காகவா?” பெரில் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “கல்யாணமாகி நாற்பத்து நாலு வருஷம் ஆச்சுங்க. ராத்திரி சாப்பாட்டுக்கு என்ன வேணும்னுகூட ஒரு நாள் அவன் என்னைக் கேட்டதில்ல. எனக்காகக் கவுன்சிலைக் கேட்டானாமா!”

மண்டபம் சிரித்தது. நானும் கொஞ்சம் சிரித்து வைத்தேன்.

“அந்தக் கடிதங்களைப் பத்தி உங்களுக்குத் தெரியாதா?”

“ஏதோ எழுதிக்கிட்டிருப்பான். குறுக்கெழுத்துப் போட்டின்னு நெனச்சேன்.”

“நீங்க அவரைக் கேக்கச் சொல்லலையா?”

“நான் சொன்ன எதை ஐயா அவன் செஞ்சிருக்கான்? சமையலறையில அலமாரி ஒன்பது வருஷமாச் சாய்ஞ்சு கெடக்கு. ஊர் சார்பில எழுதினானாம், ஊர்ல யாரு அவனைச் செயலாளர் ஆக்கினது? சாவியும் கோப்பும் வீட்டுல கெடந்துச்சு, அவ்வளவுதான். நல்ல மனுஷன், நான் இல்லைங்கல. ஆனா அவன் யாருக்கும் சார்பு இல்லைங்க. எனக்கே இல்ல.”

மிஸ் கார்ஸ்டேர்ஸ் முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். மண்டபத்தைப் பார்த்து, மிஸ்டர் பில்பீமைத் தங்கள் சார்பில் பேச நியமித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா, எழுந்து நில்லுங்கள் என்றார். யாரும் அசையவில்லை. “தேர்தல் வச்சிருந்தா நான் எதிர்த்து ஓட்டுப் போட்டிருப்பேன்,” என்றான் சிரில் பின்வரிசையிலிருந்து. அதன்பின் ஒவ்வொருவராக மேடைக்கு வந்து, நார்மன் பில்பீம் எங்களுக்கு யாருமில்லை என்று சத்தியம் செய்தார்கள். டெரெக் செய்தான். ஹிலரி அழுத்தம் திருத்தமாகச் செய்தார். முப்பத்தோரு வருஷம் என் கையால் கடிதம் வாங்கிய வின்னி, என்னை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறது என்றாள். அரை நாளில் நூற்றுப் பத்தொன்பது பேர் என்னைக் கைகழுவினார்கள். வாழ்க்கையில் இவ்வளவு பேர் எனக்காக வரிசையில் நின்றதே இல்லை. அதற்குள் பெல்லாமி தன் ரயில் நேரத்தை மாற்றிப் பார்க்க ஆரம்பித்திருந்ததையும் கவனித்தேன்.

ஆறு வாரத்தில் தீர்ப்பு வந்தது, எண்பத்தாறு பக்கம். நூற்று நாற்பத்து மூன்றாம் பத்தி என்னைப் பற்றியது. ‘திரு. பில்பீம் நேர்மையானவர், மிகுந்த பணிவுடையவர். இவர் எக்காலத்திலும் எவரையும் பிரதிநிதித்துவப்படுத்தவில்லை என்று முழுத் திருப்தியுடன் முடிவு செய்கிறேன். இவர் பெற்ற அனுமதி இவரை மட்டுமே கட்டுப்படுத்தும்.’ ஊர் மக்கள் யாரையும் கேளாமல் இருபது வருஷம் பயன்படுத்தியிருக்கிறார்கள், ஆகவே மைதானம் ஊர்ப் பசுந்தரை. மண்டபத்தில் கேக் வெட்டினார்கள். சிரிலுக்கு முதல் துண்டு. அவன் நன்றி சொல்லாமல் தின்றான், எல்லோரும் கை தட்டினார்கள்.

கவுன்சில் தோற்றாலும் தீர்ப்பை மதிக்கிற கவுன்சில். அடுத்த வாரமே மைதான வாசலில் புதுப் பலகை நட்டார்கள்.

‘இந்தப் பசுந்தரை நெதர் வால்டிங் மக்கள் அனைவரின் உரிமை. (திரு. என். பில்பீம் நீங்கலாக.)’

எனக்குத் தனியாகக் கடிதமும் வந்தது. நான் மட்டும் அனுமதியின்பேரில் பயன்படுத்தி வந்தவன் என்று நிரூபணமாகியிருப்பதால், என் வருகை கவுன்சிலின் விருப்பத்துக்கு உட்பட்டதாம். வழக்கம்போல விண்ணப்பிக்கலாம், எட்டு வாரத்தில் பரிசீலிப்பார்களாம். கேவின் ஸ்டர்மி அடியில் கையால் ஒரு வரி சேர்த்திருந்தார்: தங்கள் கையெழுத்தை அலுவலகத்தில் எல்லோரும் ரசிக்கிறோம். அன்றே விண்ணப்பித்தேன்.

மறுநாள் காலை எட்டு மணி. பெரில் கோலை ஊன்றிக்கொண்டு வாசலைத் தாண்டி உள்ளே போனாள். நான் வெளியே நின்றேன்.

“என்ன?” என்றாள் திரும்பி.

“பதில் இன்னும் வரல பெரில். எட்டு வாரம் ஆகுமாம்.”

பலகையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அவள் இடது கால் லேசாக நடுங்க ஆரம்பித்திருந்தது. பிடிக்க ஆளில்லாமல் அவளால் அதிக நேரம் நிற்க முடியாது என்பது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். புல்வெளியின் அந்தக் கோடியில் பிஷப் கட்டவிழ்ந்து ஓடிக்கொண்டிருந்தது.

“நார்மன், எட்டு வாரம் நான் ஒத்தைக் கால்லயா நிக்கறது? நான் விழுந்தா அதுக்கு அவங்க படிவத்துல கட்டம் இருக்கா? கையக் குடு.”

இடது கையை நீட்டினாள். நான் பலகையை இன்னொரு தடவை படித்தேன். பெயரில் எழுத்துப்பிழை இல்லை, என்னைத்தான் சொல்கிறார்கள். எழுபத்தோரு வயதில், யாரையும் கேளாமல், வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் இடத்துக்குள் காலை வைத்தேன். நேராகப் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

நாலு சுற்று நடந்தோம். வழியில் சிரில் எங்களைப் பார்த்து, “யோவ், உன்னப் பத்திப் புகார் எழுதப் போறேன்யா!” என்று கத்தினான். எழுதுப்பா, தேதியைச் சரியாகப் போடு என்றேன். முடிந்து வெளியே வந்ததும் பழக்கதோஷத்தில் பலகையைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கப் போனேன். பெரில் என் கையைத் தட்டிவிட்டாள்.

“எனக்கு உரிமை வர இன்னும் இருபது வருஷம் ஆகும் பெரில். தொண்ணூத்தியொண்ணு வயசு ஆயிடும்.”

“ஒரு நாள் கழிஞ்சிடுச்சுல்ல?” என்றாள். “நாளைக்கும் எட்டு மணி. கேக்காம வா.”